மறையாமலும் மாறாமலும்: டர்பன் முதியவர்களுக்குச் செயலி வடிவமைத்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில் இயங்கும் முதியோர் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர்களுக்காகக் கைபேசிச் செயலி ஒன்றை வடிவமைத்துத் தரும்படி எங்களைக் கேட்டது. அவர்கள் தந்த தேவைப் பட்டியல் சிறியது. முன்பணம் கட்டி வாங்கும் மின்சார டோக்கன் எண் தொலையாமல் இருக்க வேண்டும். மருந்து வேளையை நினைவூட்ட வேண்டும். ஆடிக் கூழ், புரட்டாசி, தைப்பூசக் காவடி போன்ற நாட்களைச் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டம் என்றைக்கு, வண்டி எந்த முனையில் வந்து நிற்கும் என்பதும் தெரிய வேண்டும். நான் திருநெல்வேலியிலிருந்து இங்கு வேலைக்கு வந்து, பல ஆண்டுகளாக வங்கிச் செயலிகளுக்குத் திரை வடிவமைத்து வருபவன். முதியோருக்கான வடிவமைப்பைப் பற்றி நான் படித்த வழிகாட்டிகள் பெரும்பாலும் எழுத்தைப் பெரிதாக்கு, பொத்தானைப் பெரிதாக்கு, சொல்லை எளிதாக்கு என்ற மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மூன்றும் சரியானவைதாம், ஆனால் அவை இந்த வேலையின் எளிய பகுதி. சாட்ஸ்வர்த் வீடுகளில் உட்கார்ந்து பார்த்தபோது, முதியவர்களைப் பெரிதும் தடுத்து நிறுத்தியவை வேறு இரண்டு: திரையில் தோன்றியது படித்து முடிப்பதற்குள் மறைந்துபோவது, நேற்று இருந்த பொத்தான் இன்று வேறிடத்துக்கு மாறிவிடுவது. இந்தக் கட்டுரை முழுவதும் ஏறக்குறைய இந்த இரண்டைப் பற்றியதுதான்.

யாருக்காக வடிவமைக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1860-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வரத் தொடங்கியவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இப்போது எழுபது, எண்பது வயதைக் கடந்திருப்பவர்கள், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் 1960-களில் பழைய இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வர்த்துக்கு வந்தபோது சிறுவர்களாகவோ இளைஞர்களாகவோ இருந்தவர்கள். வீட்டு மொழி ஆங்கிலமாகிவிட்டது. சிலரே தமிழ் பேசுகிறார்கள், அவர்களிலும் சிலரே தமிழ் படிக்கிறார்கள். இங்குள்ள ஆயாக்களில் (பாட்டிமாரில்) பலர் டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகளில் நீண்ட காலம் தையல் இயந்திரம் ஓட்டியவர்கள். ஆகவே, முதியவர்களுக்கு இயந்திரம் என்றால் பயம் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் நான் உடனே மறுத்துவிடுவேன். முப்பது ஆண்டுகள் விசைத்தையல் இயந்திரத்தில் கை வைத்தவருக்கு இயந்திரத்தின்மேல் பயம் ஏது? அந்த இயந்திரத்தின் மிதியும் நெம்புகோலும் ஒருநாளும் இடம் மாறியதில்லை என்பதே அவருக்கும் கைபேசிக்கும் உள்ள வழக்கு.

அளவு பற்றிய பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் அதற்கான விடைகள் ஏற்கெனவே உள்ளன. அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். விழிவில்லை மஞ்சளாகிவிடுவதால் நீலமும் பச்சையும் கலங்கித் தெரியும். சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்புலத்தில் கரைந்துவிடும். வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. சாதாரண எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5-க்கு 1 என்ற ஒளிமாறுபாட்டைக் கேட்கிறது. நாங்கள் அதன் மேல்நிலை அளவான 7-க்கு 1 என்பதையே எல்லா எழுத்துக்கும் வைத்துக்கொண்டோம். ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி (அதன் திரை அளவலகு) பொத்தான் உயரத்தைத் தாண்டி 64 வரை போனோம். எழுத்தளவைச் செயலிக்குள் தனியாக வைக்காமல், கைபேசியின் பொது அமைப்பில் அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் அளவை அப்படியே ஏற்கும்படி செய்தோம். இருநூறு விழுக்காடு பெரிதாக்கினாலும் எந்தச் சொல்லும் வெட்டுப்படக் கூடாது என்பது சோதனை விதி. இவ்வளவுதான்.

இனி டோக்கன் விஷயத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் முன்கட்டண மின்சாரம் வாங்கினால் கையில் கிடைப்பது ஒரு 20 இலக்க எண். அதை வீட்டுச் சுவரில் உள்ள மீட்டர் விசைப்பலகையில் ஒவ்வோர் இலக்கமாக அடிக்க வேண்டும். கடையில் வாங்கினால் நான்கு நான்காகப் பிரித்து அச்சிட்ட சீட்டு வரும். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பேரன் வாங்கி அனுப்பினால் குறுஞ்செய்தியாகவோ வாட்ஸ்ஆப்பிலோ வரும். எழுபத்தெட்டு வயது ஆயா ஒருவர் இதைச் செய்வதைக் கவனித்தேன். இடக்கையில் கைபேசி, வலக்கை மீட்டரில். ஏழு இலக்கம் அடிப்பதற்குள் கைபேசித் திரை அணைந்துவிட்டது. பூட்டைத் திறந்து, செய்தியைத் தேடி, எந்த இலக்கத்தில் நிறுத்தினோம் என்று கண்டுபிடிப்பதற்குள் மீட்டர் பொறுமையிழந்து அதுவரை அடித்ததை அழித்துவிட்டது. இரண்டு இயந்திரங்கள், இரண்டு காலக்கெடு, நடுவில் ஒரு மனிதர். அவருடைய கண்ணோ விரலோ நினைவோ இங்கே குறையில்லை. மின்சாரம் தீர்ந்து வீடே இருட்டான பிறகு இதைச் செய்ய நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கைபேசிதான் சீட்டு, கைபேசிதான் விளக்கு, இரண்டுக்கும் ஒரே கை.

2024-இல் இந்தச் சிக்கல் மும்மடங்கானது. இங்குள்ள மீட்டர்கள் 1993 தொடக்கத்திலிருந்து கடந்த நிமிடங்களை, ஓர் எல்லைக்குமேல் போக முடியாத 24 பிட் எண்ணில் எண்ணி வந்தன. அந்த எண்ணிக்கை 2024 நவம்பர் 24-ஆம் தேதி நிரம்பவிருந்தது, அதற்குள் மீட்டரைப் புதுப்பிக்காவிட்டால் புதிய டோக்கன் எதையும் அது ஏற்காது. புதுப்பிப்பதற்காக, வாங்கிய டோக்கனுக்கு முன்னால் இன்னும் இரண்டு 20 இலக்க எண்களை அடிக்க வேண்டியிருந்தது. அறுபது இலக்கம், வரிசை மாறாமல்! நாடு முழுவதும் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய் மீட்டர் முன் நின்ற காலம் அது.

நாங்கள் டோக்கன் திரைக்காகச் செய்தவை எளியவை, ஆனால் ஒவ்வொன்றும் வீட்டில் பார்த்ததன் விளைவு. அந்தத் திரை திறந்திருக்கும்வரை கைபேசி தூங்காது. ஆண்ட்ராய்டில் அதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். பின்புலம் தூய வெள்ளை, ஒளி முழு அளவு. கைபேசியை மீட்டர் பக்கம் சற்றுத் திருப்பினால் அந்த வெளிச்சத்தில் விசைப்பலகையும் தெரியும். ஐந்து தொகுதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து வரிகளில் காட்டி, இப்போது அடிக்க வேண்டிய வரியைச் சுற்றித் தடித்த கட்டம் போட்டோம். வரியைத் தொட்டால் கட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். ஒரு நேரத்தில் ஒரு தொகுதியை மட்டும் காட்டுவது அழகாக இருக்கும் என்று என் சகா வாதாடினார். பார்த்த எல்லாருமே ஐந்து வரியும் ஒருசேரத் தெரிவதையே விரும்பினார்கள், ஏனென்றால் மீட்டர் திரையில் ஏற்கெனவே ஏறியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க மேல்வரிகள் தேவை. எண்ணை வாசித்துக் காட்டும் குரல் உண்டு; அது நான்கு இலக்கம் சொல்லிவிட்டுத் தானாக ஓடாமல், தொடும்வரை காத்து நிற்கும். அடித்து முடித்த டோக்கன் அழிவதில்லை, ‘அடித்தாயிற்று’ என்ற குறியோடு அடியில் தங்கிவிடும். மீட்டர் ஏற்றுக்கொண்டதா என்று சந்தேகம் வரும்போது பழைய எண் கையில் இல்லாததுதான் அவர்களைக் கலங்க வைக்கிறது.

இதே கண்ணோடு செயலியின் மற்றப் பகுதிகளைப் பார்த்தபோது, மறைந்துபோகிறவை எத்தனை என்பது தெரிந்தது. ஆண்ட்ராய்டில் திரையின் அடியில் எழும்பி மறையும் சிறு செய்திக்கு இரண்டே கால அளவுகள்தாம்: 2 வினாடி, அல்லது 3.5 வினாடி. மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழிறக்கவே அதற்குமேல் ஆகும். அந்த வகைச் செய்தியை முற்றிலும் நீக்கிவிட்டோம். எதைச் சொன்னாலும் ‘சரி’ என்று அவர் தொடும்வரை அது திரையில் நிற்கும். தானாக நகரும் படங்களும் போயின. ஆண்ட்ராய்டு 10 முதல், இத்தகைய செய்திகள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை 10 வினாடி முதல் 2 நிமிடம்வரை நீட்டிக்கொள்ள அணுகல்தன்மை அமைப்பில் வழியிருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. செயலி எழுதுபவர்களும் அந்த அமைப்பை மதித்து நடந்துகொள்வது அரிது.

ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) இன்னொரு தொல்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு வங்கிச் செயலியில் அது குறுகிய நேரத்தில் காலாவதியாகும். மின்வெட்டு கடுமையாக இருந்த 2023-இல், கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து குறுஞ்செய்தி தாமதமாக வரும். வந்து சேரும்போது எண் செத்துப்போயிருக்கும். இன்னொன்று கேட்டால் பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும், எது செல்லும் என்று தெரியாது. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, உள்நுழைவதற்கு மனப்பாடத்தையோ எண்ணைப் பெயர்த்தெழுதுவதையோ மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்கிறது. எங்கள் செயலியில் பணம் புழங்குவதில்லை. ஆகவே கைபேசியின் பூட்டே போதும் என்று முடிவு செய்து, தனியான கடவுச்சொல்லே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பணம் புழங்கும் செயலி செய்பவர்கள் குறைந்தபட்சம் எண்ணை நகலெடுத்து ஒட்டுவதையாவது தடுக்காமல் இருக்கலாம்.

விரலும் நேரத்தோடு சம்பந்தப்பட்டதே. வயதானால் விரல்நுனி உலர்ந்துபோகும். இந்தியச் சமூகத்தில் இங்கு மிகப் பரவலாக உள்ள சர்க்கரை நோய் பலருக்கு விரலின் உணர்ச்சியையும் குறைத்துவிடுகிறது. தொட்டது பதியவில்லை என்று தோன்றினால் யாரும் இன்னும் அழுத்தமாக, இன்னும் நீண்ட நேரம் தொடுவார்கள். கைபேசியோ அரை வினாடிக்கும் குறைவான அழுத்தத்தையே ‘நீண்ட தொடுதல்’ என்று எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காத ஒரு பட்டியலைத் திறக்கிறது. ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்பில் இந்த நேரத்தை 1 அல்லது 1.5 வினாடியாக நீட்டலாம். ஆனால் செயலிக்குள்ளேயே நீண்ட தொடுதலுக்கு எந்த வேலையும் கொடுக்காமல் விடுவது அதைவிட நல்லது. நடுங்கும் விரல் ஒரே பொத்தானை இருமுறை தொடுவதும் வழக்கம். ஆகையால் முதல் தொடுதலுக்குப் பிறகு ஒரு வினாடிவரை அதே பொத்தான் எதையும் ஏற்காது. தொட்டவுடன் பொத்தானின் நிறமும் மாறி, தாழ்ந்த சுருதியில் ஓர் ஒலியும் வரும். கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் வேண்டாம். காது முதலில் இழப்பது அவற்றைத்தான்.

நோட்டுப்புத்தகத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில், தொலைபேசி எண்கள் எழுதிய பழைய நோட்டில் சில பக்கங்கள் கைபேசிக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. ‘பச்சைப் படத்தைத் தொடு. மேலே வலதுபக்கம் மூன்று புள்ளி. இரண்டாவது வரி.’ இப்படி ஒவ்வொரு வேலைக்கும் படிப்படியான குறிப்பு, பெரும்பாலும் பேத்தி சொல்லச் சொல்லத் தன் கையால் எழுதியது. நிறமும் இடமும் வரிசையும்தான் அதில் இருக்கும். பொத்தான்களின் பெயர் அபூர்வம். நாம் எவ்வளவு அழகான உதவிப் பக்கம் எழுதினாலும், இந்த நோட்டுதான் அவர்களுடைய உண்மையான கையேடு. செயலியைப் புதுப்பித்து அந்தப் பச்சைப் படத்தை நீலமாக்கிவிட்டால் அவர் கற்றது அத்தனையும் ஒரே இரவில் செல்லாததாகிவிடுகிறது. அடுத்த நாள் அவர் சொல்வது ‘செயலி மாறிவிட்டது’ என்றல்ல. ‘எனக்கு மறந்துவிட்டது’ என்று தன்மீதே பழியைப் போட்டுக்கொள்கிறார். இதைக் கேட்ட பிறகு, அழகுக்காகச் செய்யும் புதுப்பிப்புகளின்மேல் எனக்கிருந்த மரியாதை மிகவும் குறைந்துவிட்டது.

ஆகவே நோட்டுக்குத் தோதாகச் செயலியை அமைத்தோம். ஒவ்வொரு திரையின் மேல் மூலையிலும் பெரிய எண் ஒன்று இருக்கும்: டோக்கன் திரை 2, மருந்து 3, விசேஷ நாட்கள் 4. தொலைபேசியில் உதவி கேட்பவர் ‘நான் 3-இல் நிற்கிறேன்’ என்று சொன்னால் போதும். ஒவ்வொரு பொத்தானுக்கும் நிரந்தரமான இடமும் நிறமும் உண்டு. பயன்படாதபோதும் அது மறையாது, ஏன் பயன்படாது என்று தொட்டால் சொல்லும். மூன்று புள்ளிக்குள் எதையும் ஒளித்துவைப்பதில்லை. திரைகளின் தோற்றத்தை ஆண்டுக்கு ஒருமுறைக்குமேல் மாற்றுவதில்லை. மாற்றினால் பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட தாள் ஒன்று, சங்கத்தின் கூட்ட அறிவிப்போடு வீடுகளுக்குப் போகும். அச்சுத்தாளா என்று என் துறை நண்பர்கள் சிரிப்பதுண்டு. நோட்டில் ஒட்டிக்கொள்ள அதுதான் வசதி.

கைபேசி பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. அதிலுள்ள கூகிள் கணக்கு பேரனுடையது. சேமிப்பிடம் அவனுடைய பழைய படங்களால் நிறைந்திருக்கும். அவன் ஆஸ்திரேலியாவில் இருப்பான். டேட்டா விலை அதிகம், வாங்கிய டேட்டா குறித்த நாளோடு காலாவதியாகவும் செய்யும். எனவே தேவைப்படும்போது மட்டும் டேட்டாவைத் திறந்து மூடுவது இங்கு வீட்டு வழக்கம். செயலி சிறியதாகவும், இணைப்பு இல்லாதபோது முழுமையாக இயங்குவதாகவும் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தானே வருகிறது. இணைப்பு இல்லை என்று சிவப்பில் கத்த வேண்டியதில்லை. ‘இந்தத் தகவல் செவ்வாய்க்கிழமை வாங்கியது’ என்று எழுதினால் போதும்.

உதவி செய்பவரையும் வடிவமைப்புக்குள் கொண்டுவந்தோம், ஆனால் கடிவாளம் முதியவர் கையில். மகளோ பக்கத்து வீட்டு அக்காவோ தம் கைபேசியிலிருந்து டோக்கனை நேராக ஆயாவின் 2-ஆம் திரைக்கு அனுப்பலாம். மருந்து விவரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆயா தனியாக அனுமதிக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2021 ஜூலை முதல் கட்டாயமாகிவிட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நோய் விவரத்தைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருப்பதால் சட்டமும் இதையே கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், எழுபத்தைந்து வயதுத் தாத்தா சர்க்கரை மாத்திரை சாப்பிட்டாரா என்பதை மருமகள் தூரத்திலிருந்து கண்காணிப்பது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது.

விசேஷ நாட்களில் ஒரு நுணுக்கம். இந்திய நேரம் இங்குள்ளதைவிட மூன்றரை மணிநேரம் முந்தியது; சூரிய உதயத்தில் எந்தத் திதி நிற்கிறது என்பது சென்னைக்கும் டர்பனுக்கும் சில நாட்களில் வேறுபடும். பஞ்சாங்கக் கணக்கைச் செயலி சொந்தமாகப் போட்டுக் கோயிலோடு சண்டைக்கு நிற்பதைவிட, சங்கச் செயலாளர் கோயிலில் கேட்டு இடும் தேதியே செல்லும் என்று வைத்தோம். பெயர்களைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்தே காட்டினோம். படிக்கத் தெரியாதவர்களும் தமிழ் எழுத்து அங்கே இருக்கட்டும் என்றார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, மேலும் கீழும் கொம்பும் சுழியும் உள்ளவை. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டாவிட்டால் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதும்.

கடைசியாக, சோதனை செய்யும் முறை. சங்கக் கூட்டத்தில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் ‘நன்றாக இருக்கிறது தம்பி’ என்ற ஒரே விடைதான் வரும். விருந்தாளி மனம் நோகக் கூடாது என்பது அவர்களுடைய வளர்ப்பு. அவரவர் வீட்டில், அவரவர் கைபேசியில், அவருக்கு உண்மையிலேயே தேவையான வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, உதவக் கை நீட்டாமல் இருக்க வேண்டும். அரசின் முதியோர் மானியப் பணம் வரும் நாட்களையும் புரட்டாசிச் சனிக்கிழமைகளையும் தவிர்க்கவும். முதல் நாள் செய்து காட்டியது முக்கியமல்ல. சில வாரம் கழித்துப் போய், நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு வேலைக்கு அதில் ஐந்து வரிக்குமேல் எழுதியிருந்தால் அந்தத் திரையைத் திருத்த வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். டோக்கன் திரை இப்போது மூன்று வரியில் முடிகிறது. மருந்துத் திரை இன்னும் ஏழில் நிற்கிறது. மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றும்போது என்ன செய்வது என்பதிலேயே நான்கு வரி போய்விடுகிறது, அடுத்த ஆண்டு மாற்றத்துக்கு அதைத்தான் எடுத்திருக்கிறோம்.